சித்திரக்காரனும் சுயமரியாதையும்

(ஒரு சித்திரக் காட்சியின் துவக்கக் கூட்டத்தில், படங்களை எழுதிய நால்வரின் சார்பாகப் பேசியது)



எங்களைப் பற்றித் தலைவர் அவர்கள் மிகவும் புகழ்ந்து பேசிவிட்டார்கள். இப்படிப்பட்ட இடத்தில், "இந்தப் புகழ்ச்சிக்கெல்லாம் நாங்கள் அருகரல்ல, எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட வேண்டியது சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை நாங்கள் செய்யப் போவதில்லை. இந்தச் சுவர்களில் தொங்கும் நாற்பத்திரண்டு படங்களில் ஒன்றாவது அவன் செயலல்ல. எல்லாம் எங்கள் நால்வருடைய கைகளின் செயல். வண்ணமும் துணியும் வாங்கிய கடன் எங்கள் பேரில் எழுதப்பட்டிருக்கிறதே ஒழிய அவன் பேரில் எழுதப்படவில்லை. (சிரிப்பு)

நாங்கள் ஒரு சர்க்காரிடத்திலோ, ஒரு மடத்தினிடத்திலோ, ஒரு கம்பெனியினிடத்திலோ சம்பளம் வாங்குகிறவர்களல்ல. முன்பு கடைப் பலகை எழுதினோம். சினிமா பானர் எழுதினோம். 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் அச்சு வந்து, பத்து நாள் வேலையைப் பத்து நிமிஷத்தில் செய்து, அந்த ஜீவனத்தை முடித்துவிட்டது. யந்திரத்தின் பேரில் எங்களுக்குக் கோபமில்லை. மனிதனுடைய கஷ்டத்தைக் குறைக்கும் எதையும் வெறுப்பது அறிவுடைமையல்ல. ஆனால் வயிறு என்று ஒன்று இருக்கிறபடியால், அதற்குப் பின் சொந்தமாகப் படம் எழுதி, சொந்தமாகவே காட்சி வைத்து, சொந்தமாகவே விலை கூறி விற்றுப் பிழைத்து வருகின்றோம்.

இதில்தான் எங்கள் மேல் குற்றம் வந்து விடுகின்றது. "உங்களுக்கு உண்மையில் வித்தை இருந்தால் அது தானே வெளியில் தெரியாதா? நீங்களே ஏன் தண்டோராப் போட்டுக் கொள்ளுகிறீர்கள்? கலை என்பது தெய்வீகமாயிற்றே, அதற்கு விலைச் சீட்டு ஒட்டலாமா?" என்று பெரிய மனிதர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி கேட்கிறவர்களில் ஒருவராவது தம் வீட்டு வாசலில் தம் பெயரையும், பட்டத்தையும் பித்தளைப் பலகையில் வெட்டி மாட்டாதவராக நாங்கள் இதுவரை பார்த்ததில்லை.

தோழர்களே! இந்தத் "தெய்வீகம்" என்கின்ற வார்த்தையைச் சற்று யோசித்துப் பாருங்கள். எங்களில் ஒருவர் எழுத்து எழுதப் பழகின காலத்தில், "அ" என்கிற ஓர் எழுத்தின் சுழியைச் சுவரில் நேராகக் கொண்டுவர ஆறு மாத காலம் வாத்தியாரிடம் அடி பட்டார். இன்னொருவர் மனிதக் கையை எழுதப் பழகுவதற்காகப் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து கொண்டு இரண்டு வருஷம் பிறருடைய கைகளையே பார்த்துக் கிறுக்கினார். அப்படியிருக்க, படம் நன்றாக அமைந்தவுடன் ஒருவர் வந்து, "ஆகா! சரஸ்வதி கடாட்சம்!" என்பாரேயானால் அந்த இரண்டு வருஷ உழைப்பு யார் கணக்கில் போய்ச் சேர்ந்தது? வித்தை பிறவியில் வருவது என்பதும், ஜாதி பிறவியில் வருவது என்பதும் ஒரே சரக்குதான். இன்னாருக்குத்தான் சங்கீதம் வரும், இன்னார்தான் பறை அடிக்க வேண்டும், நாயனக்காரர் மேல் துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டுதான் ஊதவேண்டும் என்று சொன்ன வாயேதான் கலையைத் தெய்வீகம் என்றும் சொல்லிற்று. இதே தெய்வத்தின் முகத்தைப் பற்றியும் ஒரு சங்கதி உண்டு. இன்று பல வீடுகளில் காலண்டரில் தொங்கும் சரஸ்வதியும் லட்சுமியும் அந்தச் சாயலைப் பெற்றது 1890-களில் ரவிவர்மா என்கின்ற ஒரு மனிதரின் தூரிகையினால். 1894-இல் அவர் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்த பிறகுதான் அந்த முகங்கள் கடைவீதிக்கு வந்தன. தெய்வம் சித்திரக்காரனுக்கு ஞானம் கொடுத்ததா, சித்திரக்காரன் தெய்வத்திற்கு முகம் கொடுத்தானா என்பதை நீங்களே பாருங்கள்.

நிற்க, தஞ்சாவூர்ப் பெரிய கோவிலைப் பாருங்கள். 1010-இல் அது முடிந்தது என்கிறார்கள். அரசன் கொடுத்தது, அவன் தமக்கை கொடுத்தது எல்லாம் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றது. கோவிலுக்கென்று கொண்டுவரப்பட்ட சுமார் 400 பெண்களின் பெயரும், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு நூறு கலம் நெல் பங்கு என்பதும் கூட இருக்கின்றது. தலைமைத் தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் இருக்கின்றது, அது நியாயந்தான். ஆனால் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் ஒரு பெரிய சித்திரக் கூட்டம் இருக்கின்றதே, பின்னால் வந்தவர்கள் அதன் மேலேயே வேறு படம் எழுதி மூடி, 1931-இல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததே, அதை எழுதின கை யாருடையது? ஒருவருக்கும் தெரியாது. நெல் அளந்தவனுக்குக் கணக்கு இருக்கின்றது. அந்தக் கோட்டை இழுத்தவனுக்குப் பெயரில்லை. "பெயரை விரும்பாத உத்தமர்கள்" என்று இதற்கு ஒரு வியாக்கியானம் சொல்லுவார்கள். விரும்பினாரா, இல்லையா என்று அவர்களை யார் கேட்டார்கள்?

இது பழங்கதை, இப்போது அப்படி இல்லை என்று நினைத்து விடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் ஒரு பிரமுகர் தமது மண்டபத்தின் சுவர் முழுவதும் படம் எழுதும்படி எங்களை அழைத்தார். நால்வரும் பதினெட்டு நாள் சாரத்தின் மேல் நின்று எழுதினோம். கடைசி நாளில் கூலி கேட்டபோது அவர் சிரித்துக் கொண்டே, "ஆயிரம் பேர் வந்து போகிற இடம், உங்களுக்கு எவ்வளவு விளம்பரம்! அதற்கு நீங்களல்லவா எனக்குக் கொடுக்க வேண்டும்?" என்று சொல்லி, ஆளுக்கு ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்பிவிட்டார். பொன்னாடையைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க முடியுமா என்று விசாரித்துப் பார்த்தோம், முடியாதாம். (சிரிப்பு) அன்று இரவு நாங்கள் ஒரு விஷயம் கண்டுபிடித்தோம். முன்பு கோவில் வேலைக்குக் கூலிக்குப் பதிலாகப் புண்ணியம் கொடுத்தார்கள். இப்போது மண்டப வேலைக்குக் கூலிக்குப் பதிலாக விளம்பரம் கொடுக்கிறார்கள். இரண்டும் பிற்பாடு கிடைக்கும் என்று சொல்லப்படுவதே ஒழிய, இரண்டையும் கையில் வாங்கி எண்ணிப் பார்த்தவன் இல்லை.

ஆகவே, விளம்பரத்தை இன்னொருவன் கையில் விட்டுவிட்டால் அது எங்கள் வயிற்றில் அடிக்கும் தடியாக முடிகிறபடியால், அதை எங்கள் கையிலேயே எடுத்துக் கொண்டோம். இப்படி எடுத்துக் கொண்டவர்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

அவர் பிரஞ்சு தேசத்துக்காரர், பெயர் கூர்பே. 1819-இல் ஒர்நான் என்கின்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அக்காலத்தில் அந்தத் தேசத்தில் பெரிய அளவுப் படம் என்றால் அதில் ராஜாவோ, தேவதையோ, ஞானியோ இருக்க வேண்டும். சாதாரண ஜனங்களை எழுத வேண்டுமானால் சிறிய துணியில், அதுவும் பார்த்துச் சிரிப்பதற்காக எழுதலாம். இவர் என்ன செய்தார் என்றால், தமது ஊரில் நடந்த ஒரு சாதாரண சவ அடக்கத்தை, ஊர் ஜனங்களையே நிற்க வைத்து, சுமார் 22 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள துணியில் எழுதிவிட்டார். குழி தோண்டுகிறவனும், அழுகிற கிழவிகளும் ராஜாவின் உயரத்திற்கு நின்றார்கள். மேலே சொர்க்கம் திறக்கவுமில்லை, தேவதூதர் வரவுமில்லை. கீழே குழி மாத்திரம் இருந்தது. பாரிஸ் கனவான்களுக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. அசிங்கத்தை எழுதுகிறான் என்றார்கள்.

பிறகு 1855-இல் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அதற்கு முன் சர்க்காரின் கலை அதிகாரி இவரை விருந்துக்கழைத்து, ஒரு பெரிய படம் எழுதும்படியும், ஆனால் முதலில் மாதிரியைக் காட்டி அனுமதி பெற்றுக் கொள்ளும்படியும் சொன்னாராம். தம் படத்துக்குத் தாமே நீதிபதி என்று சொல்லி இவர் வந்துவிட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். நடுவர்கள் பதினொரு படங்களை ஏற்றுக் கொண்டு, முக்கியமான சவ அடக்கப் படத்தையும், "சித்திரக்காரனின் தொழிற்கூடம்" என்கிற 20 அடிப் படத்தையும் தள்ளிவிட்டார்கள். நம்மவராயிருந்தால் தலைவிதி என்று தலையில் கை வைத்துக் கொண்டிருப்பார். இவரோ ஒரு சிநேகிதரின் பணத்தையும் சேர்த்துக் கொண்டு, பொருட்காட்சிக்குப் பக்கத்திலேயே சொந்தக் கொட்டகை ஒன்று போட்டு, வாசலில் தம் பெயரை எழுதி மாட்டி, நாற்பது படங்களைத் தொங்கவிட்டு, ஒரு பிராங்கு கட்டணம் என்று அறிவித்தார். தற்பெருமைக்காரன் என்று பத்திரிகைகள் கேலிப் படம் போட்டன. கூட்டம் வரவில்லை, கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தார், அப்படியும் வரவில்லை. அப்போது புகழின் உச்சியில் இருந்த தெலாக்ருவா என்கிற சித்திரக்காரர் ஒரு நாள் வந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அந்தக் கொட்டகையில் தன்னந்தனியாக நின்று பார்த்துவிட்டு, நடுவர் தள்ளியது அற்புதமான படம் என்று தமது நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவ்வளவுதான் லாபம். ஆனால் கொட்டகை போட்ட துணிச்சல் வீண் போகவில்லை. 1884-இல் பாரிசில் "நடுவருமில்லை, பரிசுமில்லை" என்கிற கொள்கையின் பேரில் சுயேச்சைச் சித்திரக்காரர்கள் ஒரு சங்கமே கண்டார்கள்.

1870-இல் சர்க்கார் இவருக்குப் பெரிய விருது கொடுக்க வந்தபோது, கலை விஷயத்தில் சர்க்காருக்கு வேலையில்லை என்று மறுத்துவிட்டார். 1871-இல் பாரிஸ் தொழிலாளர் ஆட்சியில் சேர்ந்து, அது வீழ்ந்த பின் ஆறு மாதம் சிறைக்குப் போனார். நெப்போலியன் ஞாபகஸ்தம்பத்தை இடித்த பழி இவர் தலையில் விழுந்து, அதைத் திரும்பக் கட்ட 3,23,091 பிராங்கு கொடுக்க வேண்டும், வருஷத்துக்கு 10,000 வீதம் என்று தீர்ப்பாயிற்று. சுவிட்சர்லாந்துக்கு ஓடிப்போனவர், முதல் தவணைக்கு முந்தின நாள், 1877 டிசம்பர் 31-இல் செத்துப் போனார்.

இவரை ஒரு மகானாக்கி உங்கள் முன் வைப்பது எங்கள் நோக்கமல்ல. மனிதர் சொல்லி முடியாத ஆடம்பரப் பேச்சுக்காரர். தவிரவும், சுவிட்சர்லாந்தில் இருந்த கடைசிக் காலத்தில் பணத்திற்காக உதவியாட்களை வைத்து மலையும் ஏரியுமாக எழுதித் தள்ளினார். அதைச் சொல்லும்போது எங்கள் சங்கதியும் வெளிவர வேண்டியிருக்கின்றது.

இப்போது கொட்டகை போட மூங்கில் தேவையில்லை, கைப்பேசி இருக்கின்றது. எங்கள் படங்களை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டு வந்தோம். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிற ஒரு தோழரை எழுதிய படம், அதோ கடைசியில் தொங்குகிறதே, அதற்கு எங்களுக்கு மூன்று மாதம் பிடித்தது. மனிதனைக் கொண்டு மலம் அள்ளக் கூடாதென்று 1993-இலும், மறுபடி 2013-இலும் சட்டம் செய்த பிறகும் சாவு நிற்கவில்லை என்பதற்காக எழுதினது. அதை விரும்பியவர்கள் நாற்பத்தோரு பேர். அதே வாரத்தில் எங்களில் ஒருவர் வேடிக்கையாகப் பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளையார் கிறுக்கிப் போட்டார்; ஆறாயிரம் பேர் விரும்பினார்கள்; பதினேழு பேர் விலைக்குக் கேட்டார்கள். தோழர்களே! கருப்புச் சட்டை போட்டுக் கொண்டு நாங்கள் நான்கு மாதம் பிள்ளையார் எழுதி விற்றோம். வீட்டு வாடகை அந்த நான்கு மாதமும் தவறாமல் கொடுக்கப்பட்டது. இதை மறைக்க எங்களுக்கு விருப்பமில்லை.

ஐந்தாவது மாதம் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. "கூலிக்கு எழுதுவதில் இழிவு என்ன? தச்சன் சப்பரம் செய்வதில்லையா?" என்று ஒருவர் கேட்டார். அதில் நியாயம் இல்லாமலில்லை. "பிரமுகரிடம் கைகட்டி நிற்க மாட்டோம் என்று வெளியே வந்து, இப்போது கண்ணுக்குத் தெரியாத கம்பெனிக்காரன் காட்டும் எண்ணிக்கையினிடத்தில் கைகட்டி நிற்கிறோம், காலையில் எழுந்தவுடன் சாமி படத்தைப் பார்க்கிறவனுக்கும், விருப்ப எண்ணிக்கையைப் பார்க்கிற நமக்கும் என்ன வித்தியாசம்?" என்று எங்களில் இருக்கும் அம்மையார் கேட்டார். அதற்கு யாருக்கும் பதில் வரவில்லை. பிள்ளையார் நிறுத்தப்பட்டது. வாடகை இரண்டு மாதம் பாக்கி விழுந்தது; இன்னும் ஒரு மாதப் பாக்கி இருக்கின்றது. நாங்கள் செய்தது சரி என்றே நினைக்கிறோம். ஆனால் சமைக்கிறவர்களைக் கேட்டால் வேறு அபிப்பிராயம் சொல்லுவார்கள்.

இந்த அம்மையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் எழுதின படத்தின் முன் அவரே நின்று கொண்டிருக்கும்போது, வருகிறவர்கள் எங்களில் ஆண்களைப் பார்த்து, "நன்றாக எழுதியிருக்கிறீர்கள்" என்கிறார்கள். அதற்காகவே இந்தக் காட்சியில் ஒவ்வொரு படத்தின் கீழும் எழுதினவர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கின்றோம். தற்புகழ்ச்சி என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

பெயர் போடுவது வெறும் ஆசைக்காக மாத்திரமல்ல. 1957-இல் ஆன இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவுப்படி, படத்தை விற்றுவிட்ட பிறகும், அது தன்னுடைய படைப்பு என்று சொல்லவும், தன் பெயருக்குக் கெடுதி வரும்படி அதைச் சிதைத்தால் கேட்கவும் படைத்தவனுக்கு உரிமையுண்டு. அமர்நாத் சேகல் என்கிற சிற்பி டில்லி விக்ஞான் பவன் சுவரில் 1962-இல் முடித்துக் கொடுத்த பெரிய வெண்கலச் சிற்பத்தைச் சர்க்காரார் 1979-இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்காடினார். 2005-இல் டில்லி உயர்நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்து, ஐந்து லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. பெயர்த்ததற்கும் தீர்ப்புக்கும் இடையில் 26 வருஷம். சர்க்காரையே கேட்க முடியுமென்றால், மண்டபக்காரரைக் கேட்க முடியாதா? நாங்கள் அன்று ஒப்பந்தம் என்று ஒரு காகிதத் துண்டு கூட எழுதி வாங்காதது எங்கள் முட்டாள்தனம். இப்போது பாதிப் பணம் முன்னதாக வாங்காமல் சாரத்தில் ஏறுவதில்லை.

நேரமாகிவிட்டது. படங்களின் கீழ் விலை எழுதியிருக்கின்றது. பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. விலை அதிகமென்று தோன்றுகிறவர்கள் எங்களிடத்திலேயே கேட்கலாம். எத்தனை நாள் பிடித்தது, வண்ணத்துக்கு எவ்வளவு ஆயிற்று என்று கணக்குச் சொல்லுகிறோம். படம் பிடிக்காதவர்களும் ஏன் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். நாங்கள் நால்வரும் வாசல் பக்கத்திலேயே இருப்போம்.