இரு வீட்டுக்கும் ஓர் இசை
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

"எனக்குப் பிடித்த திரை இசையமைப்பாளர்கள்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். ஜி. இராமநாதனின் இராகச் செழுமையும், 'கந்தன் கருணை'க்காக 1967ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற கே. வி. மகாதேவனின் இசைப் புலமையும், 1952 முதல் 1965 வரை இணைந்து பணியாற்றிய விசுவநாதன், இராமமூர்த்தி இருவரின் இனிமையும் தமிழுலகம் நன்கறிந்தவை. அவர்களை வணங்கி, பெங்களூரில் வாழும் நமக்குத் தனி உரிமையுடைய சிலரைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறேன். தமிழ் வீட்டிலும் கன்னட வீட்டிலும் ஒருங்கே விளக்கேற்றியவர்கள் அவர்கள்.

முதலாமவர் டி. ஜி. லிங்கப்பா. 1958ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு அவர்கள் கன்னடத்தில் 'ஸ்கூல் மாஸ்டர்' படத்தையும், தமிழில் 'சபாஷ் மீனா' படத்தையும் அளித்தார். இரண்டுக்கும் இசை லிங்கப்பாவே. அந்நாளில் கன்னடப் பாடல்களில் பெரும்பாலானவை சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களிலேயே உருவாயின. வயலினும் வீணையும் தபேலாவும் வாசித்த கைகளுக்கு மொழி வேற்றுமை இருந்ததில்லை.

இரண்டாமவர் ஜி. கே. வெங்கடேஷ். இராஜ்குமார் நடித்த 'பங்காரத மனுஷ்ய' 1972இல் வெளிவந்து கன்னட நாடெங்கும் கொண்டாடப்பட்டது. அதன் இசையமைப்பாளர் இவரே. மறு ஆண்டில் தமிழில் 'பொண்ணுக்குத் தங்க மனசு' படத்துக்கு இசையமைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்து, கன்னடப் படங்கள் பலவற்றில் உழைத்துத் தொழில் பயின்ற இளைஞர் ஒருவர், 1976இல் 'அன்னக்கிளி' மூலம் தமிழ்நாட்டையே தம்பக்கம் திருப்பினார். பண்ணைப்புரம் தந்த அவர்தாம் இளையராஜா. நம் பெருமைக்குரிய அக்கலைஞரின் பயிற்சியில் கன்னடத்துக்கும் பங்குண்டு என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

அக்கடனை அவர் இசையாலேயே திருப்பித் தந்தார். சங்கர் நாக் இயக்கிய 'கீதா' என்னும் கன்னடப் படத்துக்கு 1981இல் அவர் அமைத்த காதல் மெட்டொன்று, 1984இல் 'நூறாவது நாள்' படத்தில் தமிழுடை பூண்டது. பின்னர் 2007இல் 'சீனி கம்' படத்தின் வழியே இந்தியிலும் ஒலித்தது.

அன்பர்களே! இம்மெட்டை நான் மறவாமைக்கு ஒரு காரணம் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பூசலையொட்டி இந்நகரில் வன்முறை மூண்டதைப் பெரியோர் அறிவீர்கள். அவ்விரவில் எங்கள் கதவைத் தட்டியவர் அடுத்த வீட்டுக் கன்னட மூதாட்டியார். நாங்கள் 'அஜ்ஜி' என்றழைக்கும் அவர், எங்கள் குடும்பம் முழுவதையும் தம் வீட்டின் உள்ளறையில் இருத்திக் காத்தார். அஞ்சி அழுத என் தங்கையை மடியில் கிடத்தி, 'கீதா'வின் அந்த மெட்டை மெல்லப் பாடினார். அதனைத் தமிழ்ப் பாட்டாக மட்டுமே அறிந்திருந்த தங்கை, அழுகையை நிறுத்தி, "அஜ்ஜி, நீங்கள் தப்பாகப் பாடுகிறீர்கள்!" என்றாள். அஜ்ஜி வாய்விட்டுச் சிரித்தார். அவ்விரவு முழுவதும் நாங்கள் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

பாட்டு நதிநீர்ச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்று நான் கூற வரவில்லை. அஜ்ஜி அன்று கதவைத் தட்டியது பாட்டினால் அன்று, பல்லாண்டுப் பழக்கத்தினால். பண்டிகைப் பலகாரம் போலவே பாட்டும் அப்பழக்கத்தை வளர்த்தது. ஆபத்து வந்த பின்னர் நட்பைத் தேடிக்கொள்ள இயலாது. முன்னரே வளர்த்திருத்தல் வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு இரு வேண்டுகோள்கள். நம் பிள்ளைகள் தமிழ்ப் பாடல்களைப் பிழையின்றிப் பாடுகிறார்கள்; ஆனால் பலருக்கு அவற்றை எழுதத் தெரியவில்லை. ஞாயிறுதோறும் ஒரு பாடலைக் கேட்டுத் தமிழில் எழுதச் செய்யுங்கள். எழுத்தும் சொல்லும் தாமே வந்து சேரும். அதனோடு, அடுத்த வீட்டாரிடம் ஒரு கன்னடப் பாடலைப் பொருளுடன் கற்று வரச் சொல்லுங்கள். தாய்மொழிப் பற்றும் வாழும் நாட்டின் மொழி மீதுள்ள அன்பும் ஒன்றையொன்று பகைப்பன அல்ல. ஒரே இசைக்குழுவின் இரு கருவிகள் அவை.

வாழ்க தமிழ்! வளர்க கன்னடத்தோடு நாம் கொண்ட உறவு!