முருங்கை நட்ட வளவுகள்



அடுத்த மாதம் நான் கனடாவுக்குப் போகிறேன். பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். பெட்டி அடுக்கும்போது எண்ணிப் பார்த்தேன். இதுவரை பதினான்கு வீடுகளில் குடியிருந்திருக்கிறேன்.

அப்பா புகையிரத நிலைய அதிபர். மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றக் கடிதம் வந்துவிடும். வவுனியா, மாகோ, பொல்காவலை, நானுஓயா என்று தண்டவாளத்தை அண்டியே எங்கள் சிறுபராயம் கழிந்தது. புது வீட்டுக்குப் போனதும் அம்மா செய்யும் முதல் வேலை, கிணற்றடியில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றுவதுதான். முற்றிய கொப்பு ஒன்றை வெட்டி நட்டால் போதும், ஓராண்டளவில் காய்த்துவிடும். நானுஓயாக் குளிரில் மட்டும் அது துளிர்க்கவே இல்லை. மற்ற இடங்களில் மரம் காய்க்கத் தொடங்க, கடிதமும் வந்து சேரும். “வாறவை சாப்பிடட்டும். நாங்களும் ஆரோ வைச்ச மரத்திலைதானே சாப்பிட்டனாங்கள்” என்பார் அம்மா.

1983 ஆடிக் கலவரத்தின் பின் கொழும்பிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினோம். அந்த மாற்றத்துக்குக் கடிதம் எதுவும் வரவில்லை. யாழ்ப்பாண நகரில், சோனகதெருவை அடுத்து ஒரு வீடு கிடைத்தது. பக்கத்து வளவில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரரே எங்களுக்கு நடுவதற்கு முருங்கைத் தடி வெட்டித் தந்தார்.

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி, துப்பாக்கி ஏந்தியவர்களின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். கொடுக்கப்பட்ட அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். நாங்கள் மதிலுக்கு இப்பால் நின்று பார்த்தோம். பயம் இருந்தது, உண்மை. ஆனால் ஒரு வார்த்தை சொல்வதற்கும் ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பதற்கும் அந்தப் பயம் தடையாக இருந்திருக்கத் தேவையில்லை.

அடுத்த பருவத்தில் அந்த மரம் மதிலுக்கு மேலாக எங்கள் பக்கம் காய்த்துத் தொங்கியது. அம்மா பறிக்க மறுத்தார். “அது வாறவைக்கு விட்டிட்டுப் போன மரமில்லை” என்றார். நான் பறித்தேன். அன்று கறி சமைத்தோம். அம்மா வெறும் சோறும் சம்பலும் சாப்பிட்டார்.

சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, எங்களையும் வெளியேறச் சொன்னார்கள். மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனசமுத்திரத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மறுவருடம் நாங்கள் வீடு திரும்பினோம். பக்கத்து வளவுக்காரர் திரும்பவில்லை.

புலம்பெயர்தல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிப் பேசும்போது, பல மொழி வழங்கும் நாடுகளிலிருந்து வந்து அங்கே கலந்து இனிது வாழ்ந்தோரை இச்சொல்லால் குறிக்கிறது. நம் காலத்திலோ இது இழப்பின் சொல்லாகிவிட்டது. நம் இடப்பெயர்வு எழுத்துகளில் இழந்த வீடும், கிணறும், நூல்களும் நிறைய உண்டு. அடுத்த வளவில் நாம் பறித்தவற்றின் கணக்கை எழுதியவர்களும் இருக்கிறார்கள். அது போதாது என்பது என் எண்ணம். அந்தக் கணக்கையும் எழுதாதவரை நமது துயரத்தின் கதை பாதிக் கதைதான்.

2010இல் அந்த அயலவர் புத்தளத்திலிருந்து தமது வளவைப் பார்க்க வந்தார். வீட்டுக்குக் கூரை இல்லை. பட்டுப்போன முருங்கையின் அடியில் புதிதாகத் துளிர்த்திருந்தது. அவருக்குத் தேநீர் கொடுத்தேன், பழைய கதைகள் பேசினேன். முருங்கைக்காயைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை.

பதினான்கு வீடுகளிலிருந்தும் யாரோ சொல்லித்தான் கிளம்பினேன். இந்தப் பயணம் ஒன்றுதான் நானே கையொப்பமிட்டுப் போவது. திரும்பி வருவேனா என்பது நிச்சயமில்லை. ஆகையால் கடனை வைத்துவிட்டுப் போக மனமில்லை. அந்த அயலவர் இந்த வேளையில் வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பாரானால், அன்றைக்குத் தேநீரோடு சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லிவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளட்டும்.