வெற்றிடங்களை மறைக்காத சுவர்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பயண அனுபவம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டிருந்தார்கள். ஒரே வகுப்பில் படித்து இன்று நான்கு நாடுகளில் வாழும் நாங்கள் நால்வர் சேர்ந்து இத்தாலிக்குப் போய் வந்தோம். மறுமலர்ச்சிக் காலம் என்றால் எங்களுக்கு வரலாற்றுப் புத்தகத்தில் முத்திரை அளவில் அச்சான கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். லியனார்டோ டா வின்சி, மைக்கல் ஆஞ்சலோ என்று பெயர்களைப் பாடமாக்கிப் புள்ளி வாங்கினோம். அந்தப் படங்களில் மூன்று விடயங்கள் இருக்கவில்லை என்பது நேரிலே போய் நின்றபோதுதான் தெரிந்தது: அவற்றின் அளவு, அவை இருக்கும் இடம், அவை பட்ட காயம்.

முதலில் மிலான் நகரம். லியனார்டோவின் 'இறுதி இராப்போசனம்' அங்கே ஒரு துறவிமடத்தின் சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் இருக்கிறது. விடுதியில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். எங்கள் சாப்பாட்டு மண்டபத்தின் தலைமாட்டில் பொறுப்பாசிரியரின் மேசை இருந்ததுபோல, துறவிகள் சாப்பிடும் மண்டபத்தின் தலைமாட்டில் இந்த மேசை வரையப்பட்டுள்ளது. ஏறக்குறைய 8.8 மீற்றர் அகலம், 4.6 மீற்றர் உயரம். மேசை விரிப்பின் மடிப்புகளும், தட்டிலே மீனும் தோடம்பழத் துண்டுகளும் தெரிகின்றன. முன்பதிவு செய்து, சிறு குழுவாக உள்ளே போனால் 15 நிமிடங்கள்தான் நிற்கலாம்.

ஈரச் சாந்தில் வரைந்தால் நிறம் சுவரோடு சேர்ந்து இறுகிவிடும். ஆனால் சாந்து காயுமுன் விரைவாக வரைந்து முடிக்கவேண்டும். லியனார்டோ ஆறுதலாக, திருத்தித் திருத்தி வரைய விரும்பியவர். அதனால் 1495 அளவில் காய்ந்த சுவரிலே தொடங்கினார். அவர் உயிரோடிருக்கும்போதே நிறம் உதிரத் தொடங்கிவிட்டது. 1652 இல் அந்தச் சுவரில் ஒரு கதவு வெட்டினார்கள். இயேசுவின் பாதங்கள் அதோடு போயின. 1943 ஓகஸ்ட் குண்டுவீச்சில் மண்டபத்தின் கூரையும் பக்கச் சுவரும் விழுந்தன. முன்கூட்டியே மணல் மூட்டை அடுக்கிக் காத்திருந்தபடியால் ஓவியச் சுவர் மட்டும் நின்றது. அதற்கு நேரெதிர்ச் சுவரில் மொன்தோர்பானோ என்பவர் 1495 இல் ஈரச் சாந்தில் வரைந்த சிலுவைக் காட்சி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கிறது. வந்தவர்களில் அநேகர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தச் சுவரைத் திருத்தியவர் ஒரு பெண். பீனின் பிரம்பில்லா பார்சிலோன் 1977 முதல் 1999 வரை, இருபது வருடங்களுக்கு மேலாக அதிலே பணியாற்றினார். பிற்காலத்தவர்கள் பூசிய நிறங்களைச் சிறிது சிறிதாக நீக்கினார். லியனார்டோவின் நிறம் அடியோடு போன இடங்களில் தன் கற்பனையால் முகமோ விரலோ வரையவில்லை. மெல்லிய நீர்வர்ணம் பூசி, வெற்றிடம் வெற்றிடமாகவே தெரிய விட்டுவிட்டார். உள்ளதைக் காப்பாற்று, இல்லாததை இருப்பதாகக் காட்டாதே. வைத்தியத்தில் நாங்கள் கற்கும் பாடமும் இதுதான்.

அடுத்தது புளோரன்ஸ். மைக்கல் ஆஞ்சலோவின் தாவீது சிலை பீடத்தைச் சேர்க்காமலே 5 மீற்றருக்கு மேல் உயரம். வேறு சிற்பிகள் தொடங்கிக் கைவிட்ட சலவைக்கல்லில், 26 வயதில், 1501 இல் செதுக்கத் தொடங்கினார். தேவாலயத்தின் உச்சியில் வைப்பதற்கென்று செய்யப்பட்டது. தலையும் கைகளும் சற்றுப் பெரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணமென்பர். எங்கள் கண் போனதோ கழுத்துக்கு. வலப்பக்கம் ஒரு நாளம் புடைத்து நிற்கிறது. இருதயம் பலவீனமான நோயாளிகளிடம் இதை நாங்கள் நாள்தோறும் தேடுகிறோம். சுகதேகியான இளைஞனிடத்தில், பெரும் பதற்றத்தில், சற்று நேரம் தோன்றக்கூடும். கோலியாத்தை எதிர்நோக்கி நிற்கும் பையனுக்கு அது பொருந்துகிறது. அமெரிக்க வைத்தியர் ஒருவர் 2019 இல் இதைப் பற்றி எழுதியிருந்தார். குருதிச் சுற்றோட்டம் பற்றி வில்லியம் ஹார்வி எழுதியது 1628 இல். அதற்கு நூறு வருடங்களுக்கு முன்பே சிற்பி கவனித்துச் செதுக்கிவிட்டார்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பழைய இல்லம் ஒன்று உண்டு. புருனெலெஸ்கி 1419 இல் கட்டத் தொடங்கியது. முகப்பின் தூண்களுக்கு மேலே, நீலப் பின்னணியில், துணியால் சுற்றிய வெள்ளைக் குழந்தைகளின் வட்டச் சிற்பங்கள். அந்திரேயா டெல்லா ரொபியா செய்தவை. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் சின்னம் இங்கிருந்தே போனது. 1445 இல் முதன்முதலாக அங்கே விடப்பட்ட பிள்ளை ஒரு பெண்குழந்தை. உள்ளே நூதனசாலையில், தாய்மார் பிள்ளையோடு விட்டுச்சென்ற அடையாளப் பொருட்கள் சிறு பெட்டிகளில் இருக்கின்றன. பாதியாக வெட்டிய பதக்கங்கள் பல. மற்றப் பாதி தாயிடம். ஒருநாள் வந்து பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்ற நம்பிக்கை. மூன்று நகரங்கள் சுற்றியும், எங்களில் ஒருத்தி அழுதது இங்கேதான்.

இதற்காக எல்லோரும் இத்தாலிக்குப் போகவேண்டும் என்றில்லை. இலண்டன் நஷனல் கலரியிலும் வாஷிங்டன் நஷனல் கலரியிலும் லியனார்டோவின் ஓவியங்களைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். அங்கே வாழும் தோழியர் பிள்ளைகளை ஒருமுறையாவது கூட்டிச் செல்லுங்கள். ஒரு நாளில் ஐம்பது படங்கள் வேண்டாம். ஒன்றின் முன் 15 நிமிடம் நில்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எமது சங்கத்தின் நூறு வருடங்களை இப்போது எழுதத் தொடங்கியிருக்கிறோம். இடப்பெயர்வுகளில் கூட்டக் குறிப்புகளும் பெயர்ப் பட்டியல்களும் படங்களும் தொலைந்த வருடங்கள் உண்டு. அவற்றை அழகான வசனங்களால் நிரப்பிவிட எல்லோருக்கும் ஆசை வரும். வேண்டாம். உங்கள் அலுமாரியில் ஒரு பழைய வகுப்புப் படம், ஒரு தேர்ச்சி அறிக்கை இருந்தால் அனுப்புங்கள். எங்களிடம் இருக்கும் பாதியோடு அது பொருந்தக்கூடும். எதுவும் கிடைக்காத வருடத்துக்கு ஒரு வெற்றுப் பக்கத்தை விடுவோம். அந்த வருடத்தில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதை அந்தப் பக்கமும் சொல்லும்.