வெள்ளீயப் பதக்கம்

(ஓர் உரையின் சுருக்கம்)

1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே மாண்டார். அந்த வெற்றியின் ஞாபகார்த்தமாகக் கிழக்கிந்தியக் கும்பினி ஒரு பதக்கம் அடித்தது. அந்தப் பதக்கத்தைப் பற்றியும், அது யாருக்காக அடிக்கப்பட்டதோ அந்தச் சென்னைப் படைச் சிப்பாயைப் பற்றியும் நாம் இன்று சிந்திப்போம்.

பதக்கத்தின் ஒரு பக்கத்தில் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. சிங்கம் பிரிட்டன், புலி திப்பு. சிங்கத்தின் தலைக்கு மேலே, திப்பு தம் ஆயுதங்களில் பொறித்துவந்த அதே அரபு வாசகம்! நாட்டைப் பறித்தவர்கள் வாசகத்தையும் விட்டுவைக்கவில்லை. மறுபக்கத்தில் கோட்டைமீது படை ஏறும் காட்சி. அதன் கீழே, இந்த வெற்றி ஆண்டவன் தந்தது என்று பாரசீக மொழியில் எழுதினார்கள். கொள்ளை கும்பினிக்கு, பொறுப்பு ஆண்டவனுக்கு!

பதக்கம் ஒன்றுதான், உலோகமோ ஐந்து. உச்சியில் இருந்தவர்களுக்குத் தங்கம். அடுத்துத் தங்கமுலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, அதற்கும் கீழே வெண்கலம். கோட்டைச் சுவரில் ஏறி ரத்தம் சிந்திய சாதாரணச் சிப்பாய்க்கு? வெறும் வெள்ளீயம்! வெள்ளைச் சிப்பாய்க்கும் வெள்ளீயம்தான். ஆனால் கொள்ளைப் பணத்தைப் பங்கிட்டபோது, நம் சிப்பாய்க்கு அவனைவிடவும் குறைவு. தளபதி ஹாரிஸ் சுருட்டியதோ 1,40,000 பவுனுக்கு மேல்! இதைவிடத் தெளிவாக வர்க்க பேதத்தை எந்தப் புத்தகம் விளக்கும்?

பர்மிங்காமில், போல்ட்டனின் சோகோ நாணயச்சாலையில் அடிக்கப்பட்ட இந்தப் பதக்கங்கள் படையினரின் கைக்கு வந்தது 1808-ல். அதற்குள் நடந்தது என்ன?

1806 ஜூலை 10. வேலூர்க் கோட்டை! நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தவர்களுக்குக் கசையடி. பொறுத்துப் பார்த்த சிப்பாய்கள் விடியுமுன் பொங்கி எழுந்தார்கள். கோட்டையில் அவர்கள் ஏற்றியது யாருடைய கொடி? திப்புவின் புலிக்கொடி! ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் எந்தக் கொடியை இறக்கக் கும்பினி சென்னைப் படையை ஏவியதோ, அதே கொடியைச் சென்னைப் படைச் சிப்பாயே ஏற்றினான்.

ஆர்க்காட்டிலிருந்து ஜில்லெஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தான். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொன்று குவிக்கப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே சென்னைப் படைக்குப் பதக்கம் வந்தது: சிங்கம் புலியை வீழ்த்தும் பதக்கம்!

தோழர்களே! அந்தப் பதக்கங்கள் இன்று காட்சிசாலைகளில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது சிங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நாம் திரும்பிவிடக் கூடாது. அது எந்த உலோகம் என்று கேட்போம். வெள்ளீயமானால், அதன் சொந்தக்காரனின் உண்மைச் சரித்திரம் பதக்கத்தில் இல்லை. வேலூர்க் கோட்டையில் இருக்கிறது!