கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு நூலகம்

பழைய கல்யாணப் பத்திரிகையை நாம என்ன செய்வோம்? எடைக்குப் போட்டுடுவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அதையும் பத்திரப்படுத்தினார். விளம்பரப் பலகை எழுதுற ஓவியர் அவர். நாடக நோட்டீஸ், பாட்டுப் புஸ்தகம், பழைய பத்திரிகைன்னு வீடு கொள்ளாத அளவுக்குச் சேர்த்தார். 1992-ல அவர் காலமானார். அப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்குச்சு. ஆனா அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலை, நல்லவேளை! 1994-ல சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாச்சு. இப்போ தரமணியில இருக்கு. நைஞ்சுபோன தாளையெல்லாம் மைக்ரோஃபிலிம்ல, டிஜிட்டல்ல பதிஞ்சு காப்பாத்துறாங்க. சிந்துவெளி ஆய்வு மையம்கூட அங்கதான். அறிஞர்கள் சொற்பொழிவும் நடக்கும். புத்தகத்தை மட்டும் வீட்டுக்குத் தரமாட்டாங்க; கேட்டா எடுத்துத் தருவாங்க, அங்கேயே உட்கார்ந்து படிக்கணும்.