சூடேறாத என்ஜினும் நோயுற்ற என்ஜினே

(டிராக்டர் பராமரிப்புப் பயிற்சியில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



டிராக்டர் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடானால் நாம் பதறிப் போகிறோம். உடனே வண்டியை நிறுத்துகிறோம்; தண்ணீர் பார்க்கிறோம்; மெக்கானிக்கை அழைக்கிறோம். ஆனால் என்ஜின் நெடுநேரம் ஓடியும் சூடேறாமல் இருந்தால் என்ன செய்கிறோம்? "எவ்வளவு உழுதாலும் வண்டி சூடாவதே இல்லை" என்று பெருமைப்படுகிறோம். பழைய டிராக்டரை விலை பேசும்போது இதையே ஒரு சிறப்பாகச் சொல்வோரும் உண்டு. சூடு மிகுந்தால் என்ஜின் ஒரே நாளில் கெடும்; சூடு குறைந்தால் சத்தமில்லாமல் நாளடைவில் கெடும். வேறுபாடு அவ்வளவுதான்.

சூடு ஏன் வேண்டும்?

டீசல் என்ஜினில் காற்றை அழுத்துவதால் உண்டாகும் வெப்பத்திலேயே டீசல் பற்றி எரிகிறது. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முழுவதும் எரியாது. எரியாததில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மற்றொரு பகுதி சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். டீசல் எரியும்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படிந்து, ஆயிலில் கசடு கட்டும்.

டீசலிலுள்ள கந்தகம் இந்த ஈரத்துடன் சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கப்படும் டீசலில் கந்தகத்தின் அளவு பத்து இலட்சத்தில் 10 பங்கு என்ற வரம்புக்குள் கொண்டுவரப்பட்டதால், அமில அரிப்பு முன்னைவிடக் குறைவு. ஆனால் ஆயில் நீர்ப்பதும் கசடு கட்டுவதும் அப்படியேதான் உள்ளன. நீர்த்த ஆயிலில் ஓடும் என்ஜினில் ரிங், லைனர், பேரிங் எல்லாம் விரைவில் தேயும். பிறகு என்ஜினை இறக்கிப் பிரிக்க வேண்டிவரும். அது ஒரு போகத்தின் இலாபத்தையே விழுங்கிவிடக் கூடிய செலவு.

மடை போன்ற ஒரு கருவி

சிலிண்டர் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் செல்லும் மேல் ஹோஸ் தொடங்கும் இடத்தில், பெரும்பாலான என்ஜின்களில் தெர்மோஸ்டாட் என்ற சிறு கருவி இருக்கிறது. அது வாய்க்கால் மடையைப் போன்றது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மடை மூடியிருக்கும். தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடாகும். சுமார் 80 டிகிரி செண்டிகிரேடு வந்ததும், கருவிக்குள் உள்ள மெழுகு உருகி விரிந்து மடையைத் திறக்கும். பிறகுதான் தண்ணீர் ரேடியேட்டருக்குச் செல்லும்.

இந்த மடை திறந்தபடியே சிக்கிக் கொண்டால் என்ஜின் சூடேறாது. பல பழைய வண்டிகளில் தெர்மோஸ்டாட்டே இருப்பதில்லை. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். இது தவறு. சிலவகை என்ஜின்களில் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடும். அதனால் கடும் உழவின்போது என்ஜின் கொதித்துப் போகவும் கூடும்.

நோயறிவது எப்படி?

கீழ்க்காணும் வரிசையில் பாருங்கள்.

1. வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுமையில்லாத டீசல் என்ஜின் மெதுவாகத்தான் சூடேறும். கலப்பையோ ரோட்டவேட்டரோ பூட்டி அரைமணி நேரம் உழுத பிறகும் வெப்பமானி முள் பச்சைப் பகுதிக்கு வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

2. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. தண்ணீர் குறைந்து, உணர்வுக் குமிழ் வெறும் காற்றில் நின்றால், என்ஜின் கொதிக்கும்போதும் முள் கீழேயே நிற்கும். இது மிக ஆபத்தானது.

3. தண்ணீர் சரியாக இருந்து, மேல் ஹோஸ் தொட முடியாத அளவு சூடாகவும் முள் மட்டும் கீழேயும் இருந்தால், பழுது மீட்டரிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது; என்ஜினில் இல்லை.

4. இரவு முழுவதும் ஆறிய என்ஜினைக் காலையில் இயக்கி, மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். தோளில் துண்டு தொங்கக் கூடாது. கை விசிறிக்கும் பெல்ட்டுக்கும் அருகே போகக் கூடாது. நல்ல என்ஜினில் ஹெட் சூடேறிய பிறகும் ஹோஸ் சிறிது நேரம் குளிர்ந்தே இருக்கும்; பின்பு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வெதுவெதுப்பானால், தெர்மோஸ்டாட் திறந்தே நிற்கிறது. அல்லது அங்கு இல்லவே இல்லை.

5. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கூடவே ஒரு வெப்பமானியும் வேண்டும். குளிர்ந்த நீரிலேயே இடைவெளி தெரிந்தால் அது கெட்டுவிட்டது. நல்லதாயின், அதன் மேல் பொறித்துள்ள டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிப்பதற்குள் நன்றாகத் திறந்து, ஆறியதும் மூடிக் கொள்ளும். பொறித்த எண் கம்பெனிக் கையேட்டில் உள்ளதுதானா என்பதையும் பாருங்கள். குறைந்த எண் உள்ளதை மாட்டியிருந்தாலும் என்ஜின் சூடேறாது.

மாற்றும்போது

அதே எண் கொண்ட தெர்மோஸ்டாட்டை, மெழுகுக் குமிழ் என்ஜின் பக்கம் இருக்குமாறு புதிய கேஸ்கெட்டுடன் பொருத்த வேண்டும். தண்ணீர் நிரப்பிச் சிறிது நேரம் ஓட்டி, ஆறவிட்டு மீண்டும் அளவு பார்க்க வேண்டும். உள்ளே தங்கிய காற்று வெளியேறியதும் தண்ணீர் இறங்கும்.

அத்துடன் ஆயிலையும் பில்டரையும் மாற்றிவிடுங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்துள்ளது என்று பொருள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாகவும் இருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ரேடியேட்டர் முன் சாக்கைத் தொங்கவிட்டுச் சூடேற்றுவது மருந்தாகாது. உழவு கடினமானதும் அதுவே என்ஜினைக் கொதிக்க வைத்துவிடும். காலையில் வண்டியை நெடுநேரம் ஐடிலில் ஓட விடுவதும் வேண்டாம். ஓரிரு நிமிடம் கழித்து இலேசான சுமையில் ஓட்டத் தொடங்குவதே நல்லது.

வீட்டில் பழைய ஜீப்போ காரோ வைத்திருப்போருக்கும் இச்சோதனைகள் பொருந்தும். மின்சார விசிறி உள்ள காராயின், குளிர்ந்த என்ஜினிலும் விசிறி ஓயாமல் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் சிறிய பொருள். அது காப்பதோ முழு என்ஜினை. அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது, மேல் ஹோஸை ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.