கூலியும் ஆட்டமும்



விளையாட்டு என்றதும் நமக்கு மாலை நேரம் நினைவுக்கு வரும். பள்ளி மணி அடித்த பின்பு, கைவேலை ஓய்ந்த பின்பு, உடலுக்கும் உள்ளத்துக்கும் இளைப்பாறுதல் தருவது விளையாட்டு. அந்த விளையாட்டே ஒருவனுக்கு வேலையாகிவிட்டால்? ஆடுகிறவன் கூலி பெறுவது பெருமையா, இழுக்கா? பெறும் கூலி எத்தனை ஆண்டு நிலைக்கும்? ரக்பி என்னும் ஆட்டத்தை முன்னிட்டு இவ்வினாக்களை இன்று சிறிது ஆராய்வோம்.

ரக்பி நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதிகம் பழக்கமில்லாத ஆட்டம். முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடவேண்டும். கையால் முன்னோக்கி எறியலாகாது. பக்கத்திலோ பின்னாலோ வரும் தோழனுக்கே கொடுக்கலாம். எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். சடுகுடு ஆடியவர்களுக்கு அந்தப் பிடி புதிதன்று.

நம் நாட்டுக்கு ரக்பி வந்து நூற்றைம்பது ஆண்டுகளாயின. 1873-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ஒரு ரக்பிக் கழகம் கண்டனர். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் அது கலைந்தது. எஞ்சிய 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகபாம்புக் கைப்பிடிகளும் யானை உருவம் கொண்ட மூடியுமாக ஒரு கோப்பை செய்து, இங்கிலாந்துக்கு அனுப்பினர். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் போட்டியிடுவது அந்தக் கல்கத்தாக் கோப்பைக்கே. கோப்பை வாழ்ந்தது, கழகம் வாழவில்லை. ஏன்? அது ஊர் மக்களிடையே வேர் விடவில்லை. வந்தவர் ஆடினர், அவர்கள் போனதும் ஆட்டமும் போயிற்று.

இனி, ஒரு நெசவு நகரத்தின் கதையைக் கேளுங்கள். நம் காஞ்சி பட்டுக்குப் பெயர் பெற்றதுபோல், வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு கம்பளித் துணிக்குப் பெயர் பெற்றது. அவ்வட்டாரத்தில் ரக்பி ஆடியவர்களில் பலர் ஆலைத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளருமே. சனிக்கிழமை ஆட்டத்துக்குச் சென்றால் அன்றைய கூலி போய்விடும். செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு அது பொருட்டன்று. தொழிலாளிக்கோ அது வீட்டு அடுப்பைத் தொடும் செய்தி. இழந்த கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்று வடபுலத்துக் கழகங்கள் கேட்டன. காசுக்கு ஆடுவது ஆட்டத்தின் தூய்மையைக் கெடுக்கும் என்று தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29-ஆம் நாள் ஹடர்ஸ்ஃபீல்டில் வடபுலக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் கண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங் வரை ஈட்டுத் தொகை தரலாம் என்று விதித்தன. பின்னர் 1906-இல் அணிக்குப் பதினைந்து பேர் என்பதைப் பதின்மூன்றாகக் குறைத்தன. இவ்வாறு பிறந்ததே ரக்பி லீக். கூலி கூடாது என்ற மூல ஆட்டத்தின் தரப்பும் சரியாக நூறாண்டுகள் கழித்து, 1995-இல், ஆட்டக்காரருக்கு ஊதியம் தரலாம் என்று இசைந்தது.

இவ்வரலாற்றில் மாணவர்கள் ஊன்றி நோக்கத்தக்க விதி ஒன்றுண்டு. 1898-இல் வடபுலச் சங்கம் ஊதியத்தை முழுமையாக அனுமதித்தபோது, ஆடுகிறவன் வேறொரு நிலையான தொழிலும் உடையவனாக இருத்தல் வேண்டும் என்று கட்டளையிட்டது. 1905-இல் அவ்விதி நீக்கப்பட்டது. விதி நீங்கினாலும் அதனுள் இருந்த கவலை இன்றும் பொருளற்றதாகிவிடவில்லை.

நம் காலத்தில் இந்த லீக் பந்தயங்கள் கடல் கடந்து பல நாடுகளைத் தழுவ முற்பட்டுள்ளன. இரண்டு அணிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் பெரிய லீகில் 2006-இல் பிரான்சின் பெர்ப்பிஞான் நகரத்தைச் சேர்ந்த கட்டலான்ஸ் டிராகன்ஸ் அணி சேர்ந்தது. பிரான்சின் தென்பகுதியில் ரக்பி லீக் 1934 முதலே ஆடப்பட்டு வந்தது. உலகப் போர்க்காலத்தில் அரசு தடை விதித்தும் அது அழியவில்லை. அந்த மண்ணில் முளைத்த அணி 2018-இல் இங்கிலாந்தின் சேலஞ்ச் கோப்பையையே வென்றது. மற்றொன்று கானடாவின் டொரான்டோ உல்ஃப்பேக். 2017-இல் களம் புகுந்து, படிப்படியாக உயர்ந்து, 2020-இல் முதல் வரிசைக்கு வந்தது. ஆட்டக்காரருள் பெரும்பாலோர் வெளிநாட்டினர். அட்லாண்டிக் கடலைத் தாண்டும் பயணச் செலவோ பெரிது. பெருந்தொற்று வந்தது, அவ்வாண்டு ஜூலையிலேயே அணி விலகிற்று. பிஜி, சமோவா, மலேசியா, ஹாங்காங், சீனா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் அணிகளைச் சேர்த்து அமைத்த குளோபல் ராப்பிட் ரக்பி என்னும் பந்தயமும் 2020 மார்ச்சில் ஒரே வாரத்து ஆட்டங்களோடு நின்றுபோயிற்று. பெருந்தொற்று பொதுவான இடி. ஆயினும் ஆழ வேரோடிய மரம் இடிக்குப் பின்னும் தளிர்க்கும். தொட்டியில் வைத்த செடிக்கு அவ்வலிமை ஏது?

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். 2025 ஜூன் மாதம் மும்பையில் ரக்பி பிரிமியர் லீக் என்னும் பந்தயம் முதன்முறையாக நடைபெற்றது. அணிக்கு எழுவர் ஆடும் முறை. நகரங்களின் பெயரிலும் வட்டாரத்தின் பெயரிலும் ஆறு அணிகள். நியூசிலாந்து, பிஜி, அர்ஜென்டினா, ஸ்பெயின் முதலிய நாடுகளின் வீரர்கள் நம் இளைஞரோடு ஒரே அணியில் நின்று ஆடினர். இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் அணி டில்லி அணியை 41–0 என வென்று முதல் வாகை சூடியது. நமக்கு மகிழ்ச்சியே. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். சென்னையின் பெயர் தாங்கிய அணி ஆடிய ஆட்டம் ஒன்றேனும் சென்னையில் நடைபெறவில்லை. ஆறு அணிகளுக்கும் அவ்வாண்டு மும்பை ஒன்றே களம். தொடக்கத்தில் செலவைக் குறைக்க இது தக்க வழியாகலாம். ஆனால் ஊரார் கண்முன் ஆடாத அணி ஊராரின் அணியாவது எங்ஙனம்?

சடுகுடுவை நோக்குங்கள். 2014-இல் தோன்றிய கபடி லீக் ஆண்டுகள் பல கடந்தும் நடக்கிறது. 2017-இல் தமிழ் தலைவாஸ் அணி அதில் சேர்ந்தது. ஈரான் நாட்டு வீரரும் வந்து ஆடுகின்றனர். அந்த லீக் தோன்றுமுன்பே ஊர்தோறும் ஆடுகளமும் ஆடுவாரும் இருந்தனர் என்பதை மறக்கலாகாது. அண்டையிலுள்ள இலங்கையில் ரக்பி செழிப்பதும் பள்ளிகளால்தான். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிராட்பிக் கேடயத்துக்காகப் பொருதி வருகின்றன.

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை என்பது உங்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். தனித்தனி நாடாக்கள் ஓடினாலும், இழையோடு இழை கோத்து வாங்குவதால் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பர். வெளிநாட்டு வீரன் பளபளக்கும் சரிகைக் கரை. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயிலும் பிள்ளைகளே உடல். உடல் நெய்யாமல் கரை மட்டும் நெய்தால் அது சேலையாகாது. வரவிருக்கும் ஆண்டுகளில் மாவட்டந்தோறும் ஆடுகளமும், பயிற்சி பெற்ற ஆசிரியரும், பள்ளிகளுக்கிடையே போட்டியும் அமையுமானால் இந்த இளம் லீக் நிலைபெறும். அமையாவிடின், கல்கத்தாவைப்போல் கோப்பை மட்டும் எஞ்சும்.

ஆசிரியனாக வாழ்ந்த ஆண்டுகளில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலரைக் கண்டிருக்கிறேன். மான்போல் ஓடுவார்கள். போட்டி நாள் வந்தால், "ஐயா, வீட்டில் தறிவேலை இருக்கிறது" என்று தயங்கி நிற்பார்கள். ஹடர்ஸ்ஃபீல்டுத் தொழிலாளி கேட்ட கேள்வியையே அவர்கள் வாய்விட்டுக் கேளாமல் கேட்டார்கள். ஆகவே ஆட்டத்துக்குக் கூலி பெறுவதை இழுக்கென்று நான் சொல்லமாட்டேன். ஏழையின் பிள்ளையும் களத்தில் நிற்க வழி செய்வது அக்கூலியே.

ஆனால் இளைஞர்களே, ஆட்டக்காரனின் காலம் குறுகியது. முழங்கால் ஒன்று நழுவினால் ஒப்பந்தமும் நழுவும். லீக் ஒரு பருவத்தில் தோன்றி மறு பருவத்தில் மறையவும் கூடும். அழைப்பு வந்தால் அஞ்சாமல் செல்லுங்கள், நெஞ்சார ஆடுங்கள். கையொப்பமிடுமுன் மூன்றைக் கேளுங்கள்: ஊதியம் எத்தனை ஆண்டுக்கு? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? படிப்பைத் தொடர இடமுண்டா? 1898-இல் சங்கம் இட்ட கட்டளையை இன்று நீங்களே உங்களுக்கு இட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையில் பந்து இருக்கட்டும். மறு கையில் ஒரு கல்வியோ கைத்தொழிலோ இருக்கட்டும்.